எந்தச் சங்கிலியன்?

தம்பி, ஞானப்பிரகாசர் சுவாமி 1928-ல எழுதின ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ வாசிச்சு முடிச்சிட்டாயாம். கெட்டிக்காரன். ஆனால் முத்திரைச்சந்தியில குதிரையில இருந்து வாளோங்கிக்கொண்டு நிக்கிற சங்கிலியனுக்குக் கீழ நிண்டு அதை ஆருக்கும் விளங்கப்படுத்தப் போகாதை. பின்னேரத்தில அங்க நிக்கிற சனத்துக்கு வேலையுமில்லை, பொறுமையுமில்லை.

நீ சொல்லப்போறது எனக்குத் தெரியும். எங்கட அப்புமார் சொன்ன கதையில சங்கிலியன் ஒருத்தன்தான். மன்னாரில வேதத்துக்கு மாறின சனத்தை வெட்டினவனும் அவன், காக்கை வன்னியன் கட்டிப்பிடிச்சுப் பறங்கியிட்டக் குடுத்ததும் அவனைத்தான். பறங்கியற்ற எழுத்தைப் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் ஆள் ரெண்டாய்ப் போகுது. மன்னார்ச் சங்கதி 1544. கோவாவில இருந்த ராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா 1560-ல தானே கப்பலேறி வந்து நல்லூரைப் பிடிச்சும், நிண்டுபிடிக்கேலாமல் மன்னாரோட திருப்திப்பட்டுத் திரும்பினது முதலாம் சங்கிலியன்ர காலம். 1619-ல பிடிபட்டு கோவாவில உயிரை விட்டவன் மற்றவன். இடையில அரை நூற்றாண்டுக்கு மேல.

ரெண்டு பேரையும் ஒராளாக்கி எழுதிவைச்ச மயில்வாகனப் புலவரைத் திட்டாதை. மக்கறா எண்ட ஒல்லாந்து அதிகாரி கேட்டுத்தான், 1736 அளவில, ராச்சியம் விழுந்து நூறு வருசம் தாண்டி அவர் வைபவமாலை எழுதினவர். கேட்டவன் ஒல்லாந்தன். அவனுக்கு ஒரு சங்கிலியன் காணும்தானே.

இதைவிட உறைப்பானதை நீ வாய்க்குள்ள வைச்சிருக்கிறாய். 1591-லயே பறங்கி வந்து ராசாவைக் கொன்றுபோட்டு, எதிர்மன்னசிங்கனைச் சிம்மாசனத்தில குந்தவைச்சிட்டான். அவர் 1617-ல கண்ணை மூட, சங்கிலியன் சொந்தச் சனத்தை வெட்டிக்கொண்டு ஆட்சியைப் பிடிச்சவன். உள்ளுக்க வேதக்காரர் கிளம்ப, தஞ்சாவூர் நாயக்கனிட்டப் படை கேட்டு அடக்கினவன். பேந்துதான் பிலிப்பு டி ஒலிவேரா வந்தவன். வீடு ஏற்கெனவே சரிஞ்சு போய்த்தான் கிடந்தது.

ஆனால் காக்கை வன்னியனை நீ விடுதலை செய்தால் ஊர் தாங்காது, கண்டியோ. எலெக்சன் மேடையில ஆரை ஏசிறது? ஒருத்தன் காட்டிக்குடுத்தான் எண்டால் மிச்சப் பேர் எல்லாரும் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணலாம். அது எவ்வளவு வசதி! ஒலிவேரா 1621-ல நல்லூர்க் கந்தசாமியார் கோயிலை இடிக்கேக்கையும் ஊரில சனம் இருந்ததுதானே? கொப்பற்ற தகரப் பெட்டியில கிடக்கிற பழைய உறுதியை ஒருக்கா விரிச்சுப் பார். அந்த நாளையில் தோம்பிலயும் உறுதியிலயும் எங்கட பெரிய மனிசர் எத்தினை பேர் ‘டொன்’ எண்டு தொடங்கினவை! பறங்கியோட கத்தோலிக்கம், ஒல்லாந்தனோட புரட்டஸ்தாந்து, வெள்ளைக்காரன் வந்தாப் பிறகு நெற்றி நிறையத் திருநீறு. விரதச் சோறு திண்ட இலையைக் கூரைக்குள்ள செருகி ஒளிச்ச கதையை மட்டும் பேரப்பிள்ளையளுக்குச் சொல்லுவம். அது பொய்யில்லை. ஆனால் பகலில கோயில்பற்றில பேர் பதிஞ்சதும் அதே கைதான்.

அதுக்காகப் பறங்கி எழுதினதை வேதவாக்காய் எடுக்கவும் வேண்டாம். கைரோஸ் பாதிரியார் கோவாவில இருந்துகொண்டு எழுதினவர். வெண்டவன் மேலிடத்துக்கு எழுதேக்க எதிரிப்படையைக் கூட்டித்தான் எழுதுவான், தன்ர கொள்ளையைக் குறைச்சுத்தான் எழுதுவான். சுவாமி பெரிய படிப்பாளி. எண்டாலும் அங்கி போட்ட படிப்பாளி. ஆரோ ஒருத்தற்ற கதையை உதறிப்போட்டு இன்னொருத்தற்ற கதையைத் தலையில வைக்கிறதுக்கு இவ்வளவு வாசிப்பு தேவையில்லை.

சரி, புத்தகத்தை மூடிவை. நாளைக்கு உன்ர கலியாணம் பேச ஆக்கள் வருகினம். தாங்கள் சங்கிலி ராசாவின்ர வழியாம் எண்டு பெண்ணின்ர மாமன் கட்டாயம் எடுத்துவிடுவார். எந்தச் சங்கிலியன் எண்டு கேட்டிடாதை. சீதனக் காணி எழுதிக் கையெழுத்து விழட்டும், பேந்து கேள்.