லோரி ஹார்னும் சமிக்ஞைதான்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பார்வையற்றவர் சாலை கடக்க ஒலிச் சமிக்ஞை இல்லை என்று யார் சொன்னது? செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ரந்தாவ் பக்கம் பறக்கும் லோரியின் ஹார்ன் போதாதா? ஒரே குறை, 'நில்'லுக்கும் 'போ'வுக்கும் அது ஒரே சத்தம்தான் போடும்.

மற்ற ஊர்க்காரர்கள் வீணாக மெனக்கெட்டிருக்கிறார்கள். ஜப்பானில் செய்ச்சி மியாக்கே 1965இல் பார்வையற்றவர் காலால் தடவி வழி அறியும் புடைப்புக் கற்களை உருவாக்க, 1967இல் ஒக்காயாமாவில் பார்வையற்றோர் பள்ளி அருகே பதித்தார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வரை அந்தக் கல் வந்துவிட்டது. (மோட்டார் நிறுத்தவும் அது தோதாக இருக்கிறது.) அங்கிருந்து லயத்து வாசலுக்கு வரக் கல்லுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை போலும்.

சட்டம் இல்லாமலா? மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை 2008இல் எழுதியவர்கள், 26ஆம் பிரிவில் பொது வசதிகளைப் பிறரைப் போலவே பயன்படுத்தும் உரிமையைத் தாராளமாகக் கொடுத்தார்கள். கூடவே ஒரு வால்: பாதுகாப்புக்கு ஆபத்தான சூழல் இருந்தால் அந்த உரிமை அதற்கு உட்பட்டது. சாலையே ஆபத்து என்றால் உரிமை வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். மீறுவோருக்குத் தண்டனை என்ன என்று எழுத மறந்தவர்கள், 41ஆம் பிரிவை மறக்கவில்லை: நல்லெண்ணத்தில் செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட முடியாது. நல்ல மனசுதான். வழக்குப் போட நீதிமன்றம் போகிறவரும் வழியில் சாலையைக் கடந்தாக வேண்டுமே!