கணைக்கால் கல்வெட்டு

மார்கழிப் பனி இறங்கியதும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மாந்தரின் கணைக்கால்கள் எழுதுபலகைகளாகிவிடுகின்றன. நகத்தால் இழுத்த மாத்திரத்தில் வெள்ளைக் கோடு தெளிவாக விழும் இக்கல்வெட்டுக்கு உளியும் வேண்டியதில்லை, மையும் வேண்டியதில்லை. ஏரியில் குதித்து ஆட்டம் போட்டுவிட்டு, தலையை நன்றாக உலர்த்திக்கொண்டு, ஒன்றும் அறியாதவன்போல் வீடு திரும்பும் சிறுவனின் காலில் தகப்பனார் ஒரு கோடு கிழித்துக் குற்றத்தை மெய்ப்பிப்பதும் இம்முறையில்தான். அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

கோடு விழுவதற்குக் காரணம் உண்டு. தோலின் வெளியடுக்கு என்பது, நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த உயிரற்ற செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, அவற்றின் இடுக்குகளில் செராமைடு முதலிய கொழுப்புகள் சாந்துபோல் பூசப்பட்ட ஒரு சுவராகும். நெடுநேரம் நீரில் ஊறினாலோ சோப்பை அழுத்தித் தேய்த்தாலோ அச்சாந்து குறைந்து, உள்ளிருக்கும் ஈரம் காற்றோடு போய்விடுகிறது. ஈரம் குறையவே, பழைய செல்களின் பிணைப்பை அறுத்துவிடும் நொதிகள், அதாவது உடலின் வேலைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், மந்தமாகிவிடுகின்றன. அதன் விளைவாக, கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உதிர்ந்திருக்க வேண்டியவை, பொங்கல் விடுமுறைக்கு விழுப்புரம் சந்திப்பில் இறங்கும் பயணிகளைப்போல் கும்பலாக இறங்குகின்றன. செதில் எனப்படுவது அந்தக் கும்பலே.

இதில் வியப்புக்குரியது யாதெனில், திண்டிவனம் எண்ணெய்க்குப் பேர்போன ஊர் என்பதாகும். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை, எள் ரகங்கள் ஊர்ப் பெயரின் சுருக்கமான டி.எம்.வி. என்பதையே தாங்கி வருகின்றன. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை பிற மாநில வயல்கள் வரை சென்று புகழ் ஈட்டியது. அவ்வூர்க் கால்களே வறண்டு கிடப்பதற்கு எண்ணெய்ப் பஞ்சம் காரணமன்று, வரிசைப் பிழையே காரணம். சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெயைத் தாராளமாகப் பூசி, உடனே சீயக்காயால் ஒட்டத் தேய்த்தெடுத்து, தோல் பொறுக்கும் கடைசிச் சூட்டில் வெந்நீர் ஊற்றிக்கொண்டால், எண்ணெய் சாக்கடைக்கும் வறட்சி உடலுக்கும் போய்ச் சேர்கின்றன. எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை, இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் மறிக்கிறது. ஆகவே வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, பாதி துவட்டிய நிலையிலேயே தேங்காய் எண்ணெயையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவுவதுதான் முறை.

இதற்கும் அடங்காத சொரசொரப்புக்கு மருத்துவர்கள் யூரியா கலந்த களிம்பை எழுதித் தருவதுண்டு. வயலுக்குப் போடுவதைக் காலுக்கும் போடச் சொல்கிறாரே என்று உழவர் திகைப்பது இயல்பே. யூரியா நீரைப் பிடித்துவைக்கும் பொருள், தோலிலும் இயற்கையாகவே உள்ளது. இருப்பினும் உர மூட்டையைப் பிரித்துவிடலாகாது. களிம்புகூட வெடிப்பில் பட்டால் எரியும்.

எண்ணெய்க்கும் களிம்புக்கும் மசியாத வறட்சி, நீரிழிவின் அல்லது தைராய்டுக் குறையின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், அத்தகையோர் கோடு கிழித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலைக் காட்டி, இரத்தத்தையும் சோதித்துக்கொள்வது நன்று. சர்க்கரை ஆலை இருப்பதும் அதே முண்டியம்பாக்கத்தில்தான்.