நிமிட்ஸைக் காப்பாற்றிய புயல்

கேள்வி: இன்றைய போர்க்கப்பல் ஒன்று மாலுமிகளோடு பழைய யுத்தத்துக்குள் போய் விழுந்தால், சரித்திரமே மாறிவிடாதா?

பதில்: ஹாலிவுட்காரர்கள் 1980-லேயே அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். 'தி ஃபைனல் கவுன்ட்டவுன்' படத்தில், நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் விசித்திரப் புயலில் சிக்கி 1941 டிசம்பர் 6-க்குப் போய்விடும். மறுநாள், அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர்மீது ஜப்பானின் தாக்குதல்! கேப்டனாக நடித்தவர் கிர்க் டக்ளஸ். எஃப்-14 ஜெட்கள் இரண்டு ஜப்பானிய ஜீரோ விமானங்களைப் பூனை எலியோடு விளையாடுவதுபோல் விளையாடிச் சுட்டுத்தள்ளும். 'தொலைந்தது ஜப்பான்' என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, அதே புயல் திரும்பிவந்து கப்பலை 1980-க்கே அள்ளிப்போய்விடும். டிக்கெட் காசு போச்சு!

புயல் வராவிட்டாலும் சிக்கல்தான். கப்பலின் அணு உலை பல வருடம் ஓடும். ஏவுகணை தீர்ந்தால் 1941-ல் எந்தக் கடையில் வாங்குவது? இன்றைய கப்பலென்றால் இன்னும் மோசம். ஜி.பி.எஸ். வழிகாட்டாது. முதல் செயற்கைக்கோளே 1957-ல்தான் மேலே போனது.

பெரிய வில்லங்கம் வேறு. பேர்ல் ஹார்பர் அடி விழுந்ததால்தான் பழைய தளபதியை நீக்கிவிட்டு, செஸ்டர் நிமிட்ஸைப் பசிபிக் கடற்படைக்குத் தலைவராக்கினார்கள். தாக்குதலைத் தடுத்திருந்தால் அவர் வாஷிங்டனில் ஃபைல் பார்த்தே ஓய்வு பெற்றிருப்பார். கப்பலுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருந்திருக்கும்!