வெளியே காலி மனை உண்டா?

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்கிறீர்களே, எதற்குள் விரிகிறது? வெளியே காலி மனை கிடக்கிறதா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நேற்றைவிட இன்று காலத்துக்கு ஒரு நாள் வயது கூடிவிட்டது. அந்த ஒரு நாளை வைக்க யாராவது இடம் ஒதுக்கினார்களா?

வெளியும் அப்படித்தான். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ‘வெளியே’ என்று ஓர் இடம் தேவையே இல்லை. விண்மீன் மண்டலங்கள் எதற்குள்ளும் பாயவில்லை. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கூடுகிறது. சுமார் 33 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 70 கி.மீ. வீதம்! 1927-லேயே இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஜார்ஜ் லெமேத்ர் என்ற பெல்ஜியப் பாதிரியார். 1929-ல் வானியலாளர் ஹபிளின் தொலைநோக்கி அளவீடுகள் அதற்கு வலுச் சேர்த்தன.

ஆனால், ஈர்ப்பு விசை கட்டிப்பிடித்துக்கொண்ட இடத்தில் இந்த விரிவு செல்லுபடியாகாது. பக்கத்து ஆண்ட்ரோமிடா மண்டலம் விலகாமல், நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. கார்த்திகை மாதத்தில், நிலவில்லாத இரவில், எட்டு மணிவாக்கில் ஊர் விளக்குகளைத் தாண்டிப் போய் வட வானில் உயரே தேடுங்கள். மங்கலான வெண்திட்டாக வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.