தொடாமல் கெடுக்கும் கலை

தூரிகை பிடித்தால் கை நடுங்குகிறதே என்று, காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கினேன். தூரிகை தாளைத் தொட்டுக் கெடுக்கும். இது தொடாமலே கெடுக்கும்.

கருவி பேனா அளவுதான். கூடவே கம்ப்ரஸர், குழாய், ஈரம் பிடிக்கும் வடிகட்டி, முகமூடி. மாப்பிள்ளை குட்டை, சீர்வரிசை மட்டும் வண்டி நிறைய.

விதி எளிது. விசையை அழுத்தினால் காற்று. பின்னால் இழுத்தால் வண்ணம். நிறுத்தும்போது முதலில் வண்ணம், பிறகு காற்று. நான் மாற்றிச் செய்தேன். அடுத்த அழுத்தலில், நான் தெளித்திருந்த நிலவுக்குப் பக்கத்தில் இன்னொரு நிலவு 'சொத்'தென்று விழுந்தது.

அக்ரிலிக்கைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டுமாம். எந்தப் பால்? எங்கள் பால்காரர் பதத்தில் கரைத்தால் வண்ணம் சிலந்திக் கால்களாய் ஓடுகிறது. சுண்டக் காய்ச்சிய பதமென்றால் 0.3 மில்லிமீட்டர் துளை வாயை மூடிக்கொள்கிறது. அழுத்தம் 20 பிஎஸ்ஐ, கொதிப்பு என்னுடையது.

ஐந்து நிமிடம் தெளித்தால் அரைமணி நேரம் கழற்றிக் கழுவ வேண்டும். ஊசி முனை லேசாக வளைந்தாலும் கோடு கோணும். "இந்த அக்கறையில பாதி அடுப்படிப் பாத்திரத்து மேல இருந்தா..." என்றாள் மனைவி.

கம்ப்ரஸர் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்: "சார், காத்தடிக்க எவ்ளோ?"

பயிற்சி முதலில் புள்ளி, பிறகு கோடு, பழைய செய்தித்தாளில். ஒரு மாதமாகப் புள்ளியில்தான் நிற்கிறேன். என்னோடு ஜூனில் தொடங்கிய எல்கேஜி பேத்தி, 'அ'னா எழுதிவிட்டாள்.