தேடற்பெட்டி இயல்: ஒரு முன்னாய்வு

தேடற்பெட்டி என்பது ஒரு சாண் நீளமும் ஒரு நகத்தின் உயரமும் உள்ள வெள்ளை இடம். இதனுள் ஒருவர் தம் அறியாமையைத் தட்டச்சு செய்தால், அது பல்லாயிரம் பக்கங்களாகத் திரும்பி வரும். தருவது தேடுபொறி, பெறுவது தேடுவோர், பெற்றது கேட்டதுதானா என்பதே இவ்வியலின் ஆய்வுப்பொருள்.

வரலாறு சுருக்கமானது. 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சி, கோப்புகளின் பெயரை மட்டுமே தேடியது; உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 1994இல் தோன்றிய யாஹூவில் ஆட்கள் உட்கார்ந்து தளங்களைத் துறைவாரியாக அடுக்கினார்கள். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை எனப் பகுத்ததற்கும் இதற்கும் முறையில் பெரிய வேறுபாடில்லை. முனிவருக்கு விளம்பர வருமானம் இல்லை, அவ்வளவே. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் தொடங்கிய கூகுள், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்த்து அதன் தகுதியை அளந்தது. நாலு பெரிய மனிதர் வணக்கம் வைக்கும் ஆளே பெரிய மனிதர் என்னும் இந்த விதி எந்த ஊர்த் திண்ணைக்கும் புதிதன்று. அதைக் கணக்காக எழுதிக் காட்டியதுதான் புதுமை.

பெட்டியில் எழுதியதும் பொறி உலகெல்லாம் ஓடித் தேடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. அது எங்கும் ஓடுவதில்லை. சிலந்தி எனப்படும் நிரல்கள் முன்கூட்டியே பக்கங்களை மேய்ந்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று குறித்து வைத்துவிடுகின்றன. சங்க இலக்கியப் பதிப்புகளின் கடைசியில், மாணவர் யாரும் புரட்டாத சொல்லடைவு என்றொரு பகுதி உண்டே, அதுதான் இது. அளவு மட்டும் பெரிது. ஆகவே இவ்வியலின் தலையாய விதி: கேள்வியை எழுதுவதைவிட, விடையில் எந்தச் சொல் இருக்கும் என்று ஊகித்து அதை எழுதுவதே மேல்.

இட்லி மாவை எடுத்துக்கொள்ளலாம். காலையில் மாவு பொங்காமல் கல்லாகக் கிடக்கிறது. தேடலுக்குப் புதியவர், “நேற்று ராத்திரி அரைத்து வைத்த மாவு ஏன் பொங்கவில்லை, தயவுசெய்து சொல்லவும்” என்று எழுதுவார். இது மனுநடை, தாசில்தார் அலுவலக வாசலில் பிறந்தது. 2019இல் கூகுள் பெர்ட் என்னும் மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்தபின் மனுநடைக்கும் ஓரளவு மரியாதை வந்துவிட்டது. ஆனால் “தயவுசெய்து” என்பதால் விடை சீக்கிரம் வந்ததாகத் தெரியவில்லை. இதற்கு எதிர்க்கோடியில் ஒற்றைச்சொல்லார். இவர் “பொங்கல்” என்று மட்டும் எழுதுவார். வெண்பொங்கலும் வாழ்த்துப் படங்களும் வரிசையில் வந்து நிற்கும். பழகிய கை “இட்லி மாவு புளிக்க குளிர்” என்று எழுதும். இதில் இலக்கணம் இல்லை, வினைமுற்று இல்லை, பண்பாடும் இல்லை. விடை உண்டு.

மூன்றாம் வகையினர் நோயாய்வாளர். இவர் இரவு பதினொரு மணிக்குத் தலைவலியில் தொடங்கி, பன்னிரண்டுக்குள் மூளைக்கட்டிக்கு வந்து சேர்பவர். இவருக்குத் தேடும் முறையில் குறையில்லை, நிறுத்தும் முறை கைவரவில்லை. நான்காம் வகையினர் தேடுபொறிக்குள் தேடுபொறியைத் தேடுவோர். இவர்களை நகைப்பது தகாது. 2021இல் ஐரோப்பிய நீதிமன்றமொன்றில் கூகுளின் வழக்கறிஞரே, பிங் பொறியில் மிகுதியாகத் தேடப்படும் சொல் “கூகுள்” என்று வாதிட்டார்.

இனிக் குறியீடுகள். “கல்கி” என்று எழுதினால் எழுத்தாளர், 1941இல் தொடங்கிய இதழ், பெருமாளின் பத்தாம் அவதாரம், 2024இல் வந்த திரைப்படம் எல்லாம் ஒரே பந்தியில் உட்காரும். வேண்டாதவரை எழுப்ப, வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி இடவேண்டும். குறிக்கும் சொல்லுக்கும் இடையே வெளி விட்டால் பயனில்லை. சொற்கள் எழுதிய வரிசையிலேயே வரவேண்டுமானால் இரட்டை மேற்கோளுக்குள் அடைக்கவேண்டும். இவ்விரண்டையும் கற்றவர் உறவினர் வட்டத்தில் கணினி மேதையாகக் கருதப்படுவார். அதன்பின் எல்லோருடைய ரயில் டிக்கெட்டும் அவர் தலையில்தான்.

தமிழில் தேடுவோர்க்குத் தனிச் சோதனைகள் உண்டு. வீடு என்னும் பெயர் வீட்டை, வீட்டில், வீட்டுக்கு, வீடுகளிலிருந்தும் என வேற்றுமை உருபேற்று உருமாறும். பொறி எல்லாவற்றையும் ஒரே வீடு என்று எப்போதும் உணர்வதில்லை. எனவே பெயரை உருபின்றி எழுதுவது நலம். ல, ள, ழ குழப்பத்தையோ பொறி பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. தமிழாசிரியரைவிட இதற்குப் பொறுமை அதிகம். பெரிய இடர் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. திரையில் தமிழாகத் தெரியும். பொறி அதைத் தலைகால் புரியாத ஆங்கிலமாகப் படிக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல்தான். அதற்கு முன் அப்படி எழுதி, பின்னர் மாற்றப்படாதவை வலையில் இருந்தும் இல்லாதவை. எத்தனை முறை தேடினாலும் அகப்படாத கட்டுரைக்கு, தேடியவர் மட்டுமே பொறுப்பல்லர்.

கூகுளின் தமிழ் முகப்பில் பெட்டிக்குக் கீழே “அதிர்ஷ்டம் என் பக்கம்” என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பட்டியல் எதுவும் வராது; முதல் விடையின் பக்கத்துக்கே நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். அதை அழுத்தியவர் எவரேனும் இருந்தால், இவ்வாய்வின் அடுத்த பதிப்புக்கு முன் வந்து சாட்சி சொல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.