டேபிள் மேல ஒரு சண்டை

வாடே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. காதுல குமிழை மாட்டிக்கிட்டு வாயைக் கோணிக் கோணி என்னத்தடே மெல்லுதே? அமெரிக்க உச்சரிப்பு வகுப்பா? காசு வேற கட்டியிருக்கியா? நல்லாருக்கு போ! 'வாட்டர்' 'வாடர்' ஆகுறதுக்கு அம்புட்டுக் காசா? நாங்கெல்லாம் தண்ணின்னு கேட்டே தாகம் தீந்தவங்கடே.

வாயில இல்லடே சங்கதி. ஒரே இங்கிலீசுச் சொல்லை வச்சுக்கிட்டு லண்டன்காரனும் அமெரிக்காக்காரனும் ஆளுக்கொரு அர்த்தத்துல நிப்பான். அதச் சொல்லித் தாராங்களா உங்க வகுப்புல?

'டேபிள்'னு ஒரு சொல்லு. மேசைதான், அதுல தகராறு இல்ல. கூட்டத்துல ஒரு விசயத்தை 'டேபிள் பண்ணணும்'னு சொல்லிப் பாரு, அப்பத் தெரியும் கூத்து. லண்டன்காரனுக்கு அது, எடுத்து முன்ன வையி, இப்பமே பேசணும். அமெரிக்காக்காரனுக்கோ, தூக்கி ஓரமாப் போடு, அப்புறம் பாத்துக்கிடலாம்.

பேர்ல் ஹார்பர்ல ஜப்பான்காரன் அடிச்ச கையோட, 1941 கடைசியில, இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சில் கப்பலேறி அமெரிக்கா போனாரு. வாஷிங்டன்ல ரெண்டு நாட்டுத் தளபதிமாரும் உக்காந்தாங்க. லண்டன்காரங்க ஒரு தாளை நீட்டி, 'அவசரம், டேபிள் பண்ணணும்'னாங்க. அமெரிக்காக்காரங்க, முக்கியமான சங்கதியாச்சே, எப்படி டேபிள் பண்ணலாம்னு மல்லுக்கு நின்னாங்க. நெடுநேரம் வாக்குவாதம், காரசாரமா. கடைசியில பாத்தா ரெண்டு கூட்டத்துக்கும் வேண்டியது ஒண்ணுதான்! நான் அளக்கலடே, சர்ச்சிலே தன் போர் வரலாத்துல எழுதி வச்சிருக்காரு. நெஞ்சு நிறைய மெடல் குத்தின மனுசங்க. "என்னய்யா சொல்ல வாரீரு?"ன்னு எடுத்த எடுப்புல கேக்க ஒருத்தருக்குத் தோணலியே! கேட்டா மெடல் கழண்டு விழுந்துருமாக்கும்?

சிரிக்காதே. 1951 ஏப்ரல்ல, கொரியாப் போர்ல, இம்ஜின் ஆத்துப்பக்கம், இங்கிலாந்தோட க்ளாஸ்டர் பட்டாளத்தைச் சீனப்படை வளைச்சுட்டு. இங்கிலாந்து பிரிகேடியர் பிரோடி தன் அமெரிக்க மேலதிகாரிகிட்ட, 'நெலம கொஞ்சம் ஸ்டிக்கியா, அதாவது சிக்கலா, இருக்கு'ன்னாராம். அவரு ஊருல 'கொஞ்சம்'னா கழுத்து வரைக்கும் வந்துட்டுன்னு அர்த்தம். அமெரிக்கரு கொஞ்சந்தானே, சமாளிச்சிருவாங்கன்னு நெனச்சாராம். அப்படித்தான் இன்னைக்கும் சொல்லுதாங்க. அந்தப் பட்டாளத்துல 500 பேருக்கு மேல கைதியாப் போனாங்க. உசுரு போற நேரத்துலயும் நாசூக்கு! நம்ம ஊரா இருந்தா ஏழு தெருவுக்குக் கேக்குற மாதிரி கத்தியிருப்பான்.

பில்லியன் கதை தெரியுமா? அமெரிக்காவுல அது 100 கோடி. இங்கிலாந்துல அந்தக் காலத்துல லட்சம் கோடி. 1974-ல வில்சன் அரசாங்கம் வந்துதான், நாங்களும் அமெரிக்காக் கணக்கையே வச்சுக்கிடுதோம்னு சொல்லிச்சு. துட்டு விசயம்னா மட்டும் வீம்பு எப்படி எறங்குது பாத்தியா?

மூளையோட ஒரு வேலை நடந்ததுன்னா அது 1942-ல. இங்கிலாந்துக்குப் போற சிப்பாய்களுக்கு அமெரிக்கப் போர்த்துறை சின்னப் புத்தகம் ஒண்ணு அச்சடிச்சுக் குடுத்துச்சு. அழுக்குச் சட்டையோட நிக்கையில 'பம் மாதிரி இருக்கேன்'னு அங்க சொல்லிராதீங்கன்னு அதுல இருக்கு. அமெரிக்காக்காரனுக்கு அது நாடோடிப் பய. அங்க அது குண்டி. நேருக்கு நேரா எழுதியிருக்கான், எனக்குப் பிடிச்சுது.

சரி, நாளைக்கு உனக்கு லண்டன் மேனேசரோட பேச்சுன்னு சொன்னேல்ல? அமெரிக்கா பாணியில, 'உங்க பேண்ட்ஸ் பிரமாதம் சார்'னு ஐஸ் வச்சிராதே. அந்த ஊருல பேண்ட்ஸ்னா ஜட்டி. நீ எங்கடே பாத்தேன்னு அந்த மனுசன் முழிப்பான்.